மடுவத்து ஜன்னல்

தனுஷிகா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது. வாயை மூடிக்கொண்டு தன்பாட்டில் வேலையைப் பார்த்திருந்தால் ஒரு கிழமையில் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் தோட்டத்துப் பிள்ளை. பெரியவர்களைக் கேட்காமல் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது என்று வளர்ந்தவள். என் மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"கிளாக்கரய்யா, கொழுந்து நிறுக்கிறதுக்கு ஒரு ப்ரோக்ராம் எழுதச் சொன்னீங்கல்ல, பைதான்ல எழுதுறேன். அதுக்கு ஜன்னல், பட்டன் எல்லாம் போடுறதுக்கு நாலஞ்சு டூல்கிட் இருக்குங்க. நான் எத எடுக்கட்டும்?"

நான் லியனார்ட். நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை போகிற பாதையில் பிரிந்து மேலே ஏறினால் வரும் மணிக்கல் தேயிலைத் தோட்டத்துக்குப் பெரிய கிளாக்கர். எங்கள் ஒபிஸில் ஒருவர் கேள்வி கேட்டால் நாங்கள் பதில் சொல்வதில்லை, மேலே அனுப்புவோம். பதில் சொன்னால் சொன்னவன் மாட்டிக்கொள்வான். அனுப்பினவன் ஒருநாளும் மாட்டிக்கொண்டதில்லை.

டூல்கிட் என்றால் என்னவென்று அன்று எனக்குத் தெரியாது. இன்று தெரியும், நுவரெலியாவில் ஹோட்டலில் தங்கிப் படித்தவன் நான். கொம்பியூட்டருக்குள் நடக்கிற கணக்கு ஒரு பக்கம். அதை நம் கண்ணுக்குக் காட்டுகிற ஜன்னல், அமுக்குகிற பட்டன், எழுதுகிற கட்டம் எல்லாம் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது பக்கத்துக்கு வேண்டிய சாமான்களை மொத்தமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். கதவு, நிலை, கொண்டி எல்லாவற்றையும் ஒரே தச்சனிடம் வாங்குகிற மாதிரி. டிகிண்டர் என்று ஒரு தச்சன், கியூட் என்று ஒரு தச்சன், ஜிடிகே, கிவி என்று இன்னும் இரண்டு பேர்.

மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகை. அந்திக்குப் பெண்கள் மலையிலிருந்து கொழுந்துச் சாக்கோடு இறங்கி வந்து வரிசையில் நிற்பார்கள். கணக்கப்பிள்ளை தராசைப் பார்ப்பார், பேரைத் தேடுவார், கண்ணாடியைத் துடைப்பார், மறுபடி பேரைத் தேடுவார். தராசின் முகம் அவரைப் பார்த்தபடி இருக்கும். எத்தனை கிலோ என்று அவர் சொன்னால்தான் உண்டு. மழையில் வரிசை நனையும், குழந்தைகளை விட்டுவிட்டு வருகிற பிள்ளைக்காம்பராவில் அவை வீரிடும். தனுஷிகாவின் ஜன்னல் வந்தால், பேரை அமுக்கியவுடன் தராசின் எடை பெரிய எழுத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

அந்தப் பிள்ளை கொழும்பில் ஒரு புடவைக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்ப் பைதான் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தாள். வேலை தற்காலிகம். மடுவத்தில் ஜன்னல் திறக்கிற அன்றைக்கு நிரந்தரமாக்குவோம், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லித்தான் எடுத்தோம். வீட்டுக்கு என்றால் மறுபடி புடவைக்கடைக்கு.

நான் கேள்வியை மேர்வின் ஐயாவுக்கு அனுப்பினேன். கம்பெனியின் டிஜிட்டல் ஆலோசகர் அவர். அதற்கு முன்னால் தேயிலை ருசி பார்த்தவர். ஒரு மடக்கு வாயில் உறிஞ்சித் துப்பிவிட்டு, இது எந்த மலை, எந்த மாதம் என்று சொல்லிவிடுவார். அவரை டிஜிட்டலுக்கு மாற்றியபோது, "ருசி தெரிஞ்சவனுக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்று பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். என் கடிதம் கிடைத்ததும் போன் எடுத்தார்.

"லியனார்ட், இது லேசுப்பட்ட விசயம் இல்ல. ஒரு பிள்ள தன் இஷ்டத்துக்கு ஒரு டூல்கிட்ட எடுத்து, அது நல்லா வேல செஞ்சு தொலைச்சிருச்சுன்னா யார் பொறுப்பு சொல்றது?"

எனக்கு உடம்பே சிலிர்த்தது. அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை.

இப்படித்தான் வரைகலை இடைமுகக் கருவித்தொகுதித் தெரிவு உபகுழு பிறந்தது. மேர்வின் ஐயா தலைவர், நான் செயலாளர். பெயர்ப்பலகை ஹட்டனிலிருந்து வந்தது. அது கதவைவிட அகலமாக இருந்ததால் சாய்த்து மாட்டினோம்.

முதல் கூட்டத்தில் குத்துவிளக்கு ஏற்றினோம். காற்றுக்குத் திரி பிடிக்கவில்லை. ஐயர், பாதிரியார், பாஸ்டர் மூவரும் ஆசி வழங்கும் வரை மேர்வின் ஐயா தீப்பெட்டியோடு போராடினார். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, வரவேற்புரைக்கு நன்றியுரை, கடைசியில் கிரிபத் என்கிற பாற்சோறு. தனுஷிகாவையும் ஒதுக்கி வைக்கவில்லை. பிளேன்டீ கொடுக்கிற பொறுப்பு அவளிடம்தான் இருந்தது. கோப்பை எடுக்க வந்தவள் என் காதருகில் குனிந்தாள்.

"கிளாக்கரய்யா, டூல்கிட் பத்தி எப்பங்க பேசுவீங்க?"

"அவசரப்படாத பிள்ள. மொதல்ல குழு அமையட்டும்" என்றேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம்கூடப் பொறுமை கிடையாது.

இரண்டாவது கூட்டத்தில், தெரியாத பொருளை எப்படித் தெரிவு செய்வது என்று மேர்வின் ஐயா கேட்டார். எல்லாரும் தலையாட்டினோம். உடனே நுவரெலியாவில் பயிற்சி ஏற்பாடானது. கம்பெனி சட்டப்படி பயிற்சி நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தான். தனுஷிகா தற்காலிகம் என்பதால் வரமுடியவில்லை. அவள் ஹட்டனுக்குப் பஸ்ஸில் போய்வரும்போது போனைப் பார்த்துப் படித்துக்கொண்டாளாம். வளைவுகளில் சிக்னல் போய்விட்டால் பாடமும் நின்றுவிடும், அடுத்த வளைவில் வந்துவிடும் என்றாள்.

பயிற்சி கொடுக்கக் கொழும்பிலிருந்து ஜெரோஷன் என்று ஒரு பையன் வந்தான். நல்ல பையன், கொஞ்சம் வேகமாகப் பேசுவான். "ஜன்னலத் திறந்ததுக்கு அப்புறம் ப்ரோக்ராம் தானா எதுவும் செய்யாது சேர். சும்மா சுத்திச் சுத்திக் காத்துக்கிட்டு இருக்கும். யாராவது வந்து பட்டன அமுக்கினா மட்டும் எழும்பி, அந்த வேலைய முடிச்சிட்டு, திரும்பக் காத்திருக்கும். நாலு டூல்கிட்டுக்கும் அடிப்படை இதுதான்" என்றான்.

மேர்வின் ஐயா எழுந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா லியனார்ட்? யாரோ வெளிநாட்டுல கண்டுபிடிச்சதுன்னு சொல்றாங்க. நம்ம ஒபிஸ் அன்னைல இருந்து இன்னை வரைக்கும் இப்படித்தான ஓடுது! யாராவது வந்து அமுக்கற வரைக்கும் நாம அசைஞ்சிருக்கமா? கரண்ட் இல்லாத காலத்துலயே செஞ்சோம்!"

பலத்த கைதட்டல். ஜெரோஷன் மட்டும் தட்டவில்லை. வெளியூர்ப் பையன், விளங்கியிருக்காது.

அன்று பின்னேரம் நானே என் கையால் ஒரு ஜன்னல் செய்தேன். நடுவில் ஒரு பட்டன். அமுக்கினேன், உள்ளே போய் வெளியே வந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. பட்டனோடு வேலையைக் கோர்த்துவிட மறந்துவிட்டீர்கள் என்று ஜெரோஷன் திருத்த வந்தான். மேர்வின் ஐயா அவன் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அப்படியே இருக்கட்டும் தம்பி. அமுக்குறவனுக்கு அமுக்கின திருப்தி. நமக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. இதவிட நல்ல பட்டன் எங்க கெடைக்கும்?"

பயிற்சி முடிந்து வந்தால் ஒபிஸ் வாசலில் தொழிற்சங்கத் தலைவர் ஆண்டியப்பன் நிற்கிறார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா. "என்னங்க கிளாக்கரய்யா, எங்களக் கேக்காம ஏதோ தெரிவு செய்யிறீங்களாமே?" என்று சண்டைக்கு வந்தார். நான் பொறுமையாக விளக்கினேன். டிகிண்டர் பைதானோடு கூடவே வருகிறது, மற்றவற்றை வெளியிலிருந்து கொண்டுவந்து போடவேண்டும் என்று சொன்னதுதான் தாமதம், தலைவர் மேசையில் ஓங்கி அடித்தார்.

"கூடவே பொறந்தது வீட்டுல இருக்க, வெளியில இருந்து கொண்டாந்து வைப்பீங்களோ? எங்க சங்கம் டிகிண்டர் பக்கம்!"

அந்தச் செய்தி பஜாருக்குப் போய்ச் சேர்வதற்குள், எதிர்ச் சங்கத்து மாயாண்டி தன் சங்கம் கியூட் பக்கம் என்று அறிவித்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "அவன் அந்தப் பக்கம் போயிட்டானே, அப்புறம் நான் எந்தப் பக்கம் நிக்கிறது?" என்றார். நியாயம்தானே. ஒரே கிழமையில் நோர்வூட் பஜார் முழுக்கப் போஸ்டர். 'டிகிண்டர் எங்கள் உரிமை!' என்று ஒரு சுவரில். 'கியூட்டைத் தொட்டால் மலையகமே கொந்தளிக்கும்!' என்று எதிர்ச் சுவரில். ரொட்டிக்கடையில் கைகலப்பும் நடந்தது. அடித்தவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது, டிகிண்டர் கறுப்பா சிவப்பா என்று. ஜிடிகேக்கும் கிவிக்கும் கேட்பாரில்லை. அவை இரண்டும் பாவம்.

நிலைமை இப்படி முற்றியதால், பக்கச்சார்பு இல்லாத சோதனை வேண்டும் என்றார் மேர்வின் ஐயா. அவருக்குத் தெரிந்த சோதனை உலகத்திலேயே ஒன்றுதான்.

பெக்டரியில் தேயிலை ருசி பார்க்கிற அறையில், வெள்ளைக் கோப்பைகள் வைக்கிற நீள மேசையில், நாலு லெப்டொப்பை வரிசையாக வைத்தோம். எதில் எந்த டூல்கிட் என்று தெரியக்கூடாது. அதற்காகத் தனுஷிகா நாலு டூல்கிட்டையும் படித்து, ஒரே ஜன்னலை நாலு தடவை எழுதியிருந்தாள். கண் உள்ளே போயிருந்தது. "ஒண்ணே போதுங்கய்யா, எதுல எழுதினாலும் எடை எடைதானே" என்று முணுமுணுத்தாள். அபச்சாரம் என்று நான் கண்ணால் அடக்கினேன்.

மேர்வின் ஐயா ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்தார். முதலாவது ஜன்னலைத் தள்ளி நின்று பார்த்தார், கிட்டப் போய்ப் பார்த்தார். "நெறம் பரவாயில்ல. கடுப்பு கொறைவு" என்றார். பழக்க தோஷத்தில் ஓரத்தில் இருந்த தொட்டியில் துப்பினார். இரண்டாவதின் பட்டனை இரண்டு விரலால் தடவி, "இல வாடினது பத்தாது" என்றார். மூன்றாவது லெப்டொப்பின் பக்கவாட்டில் சூடான காற்று வருகிற ஓட்டையில் மூக்கை வைத்து ஆழமாக இழுத்தார். முகம் சுருங்கியது.

"கருகல் வாசம். இது எந்த டூல்கிட்டோ, அடுப்ப அளவுக்கு மேல எரிச்சிருக்கான்."

"அது லெப்டொப் பழசுங்கய்யா, ஃபேன் வேல செய்யல" என்றாள் தனுஷிகா.

"டேஸ்டிங் நடக்கும்போது பேசக்கூடாது" என்றார் ஐயா. நாலாவதை முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடி நின்றார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கடைசியில் சொன்னார்: "நாலும் ஒரு தோட்டத்துக் கொழுந்து மாதிரித்தான் தெரியுது. மழ விட்டதும் இன்னொரு தடவ பாப்போம்."

இதற்கிடையில் ஜன்னலின் அமைப்பு பற்றியும் குழு தீர்மானங்கள் எடுத்தது. பட்டனில் மூன்று மொழியும் சம அளவில் இருக்கவேண்டும். மேலே கம்பெனிச் சின்னம், அதற்குக் கீழே தலைவரின் வாழ்த்துச் செய்தி, வலது பக்கம் தலைவரின் போட்டோ, இடது பக்கம் செயலாளரின் சின்னப் போட்டோ. என் போட்டோவை நான் கேட்கவில்லை, வற்புறுத்தினார்கள். எல்லாம் வைத்த பிறகு எடைக்கு இடமில்லை. அதை அடுத்த பக்கத்தில் போடலாம் என்று ஏகமனதாக முடிவெடுத்தோம்.

தனுஷிகா அதைக் கேட்டுவிட்டு வெளியே போனாள். நேராக மடுவத்துக்குத்தான் போயிருக்கிறாள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்த வீரம்மா அங்கே கொழுந்து எடுக்கிறாள். மூக்குத்தி, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, வெடுக்கென்ற வாய். அன்று ஆடி மழை கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பிள்ளைக்காம்பராவில் வீரம்மாவின் மகன் கத்துகிறான், வரிசை நகரவில்லை. "ஒங்க ஒபிஸுல எத்தன கூட்டம் போட்டாலும் நாங்க நனைஞ்சுக்கிட்டுத்தான் நிக்கணுமா?" என்று வீரம்மா கேட்டிருக்கிறாள். தனுஷிகாவுக்கு ரோசம் வந்துவிட்டது. நாலு மாதிரிகளில் ஒன்றை ஒரு லெப்டொப்பில் போட்டு, கணக்கப்பிள்ளையின் மேசையில் பெண்களுக்கும் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்துவிட்டாள். சின்னமும் இல்லை, வாழ்த்தும் இல்லை, போட்டோவும் இல்லை. ஒரு பேர், ஒரு பட்டன், பெரிதாக ஓர் எடை. கணக்கப்பிள்ளைக்கும் கண்ணுக்குச் சுகமாக இருந்ததால் அவரும் வாயைத் திறக்கவில்லை.

எங்களுக்கு எப்படித் தெரியவந்தது என்றால், ஓர் அந்தி மேர்வின் ஐயா கொழும்பிலிருந்து வந்த பெரியவர்களுக்கு மடுவத்து வரிசையைக் காட்டக் கூட்டிப்போனார். "இந்த நீண்ட வரிசையப் பாருங்க, இதுக்காகத்தான் எங்க உபகுழு ராப்பகலா ஒழைக்குது" என்று கையை நீட்டினார். அங்கே வரிசையைக் காணோம். பெண்கள் எல்லாரும் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரத்தோடு வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

ஐயாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"தெரிவு செய்யப்படாத டூல்கிட்டுல வேல நடக்குதுன்னா, தெரிவு எதுக்கு? தெரிவுக்குழு எதுக்கு? நான் எதுக்கு?" என்று கத்தினார். லெப்டொப்பைக் கழற்றி ஒபிஸுக்குக் கொண்டுவந்தோம். தனுஷிகாவின் வேலை அந்த மாதத்தோடு முடிகிறது என்று கடிதம் எழுதச் சொன்னார். நான் எழுதினேன்.

மறுநாள் அந்திக்குப் பெண்கள் சாக்கை இறக்கிவைத்துவிட்டு மடுவத்து வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஜன்னல் வந்தால்தான் நிறுக்கக் கொடுப்போம் என்றார்கள். பறித்த கொழுந்து சாக்கிலேயே கிடந்தால் சூடேறிச் சிவந்துபோகும், பிறகு குப்பைதான். பெக்டரியிலிருந்து போனுக்கு மேல் போன். மேர்வின் ஐயா ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் ஆண்டியப்பன் ஓடிவந்தார். அவரைப் பார்த்துவிட்டு மாயாண்டியும் ஓடிவந்தார்.

"இது எங்க டிகிண்டருக்கான போராட்டம்!" என்றார் ஆண்டியப்பன்.

"கியூட்டுக்காக எங்க பெண்கள் மழையில உக்காந்திருக்காங்க!" என்றார் மாயாண்டி.

மேர்வின் ஐயா வீரம்மாவுக்கு முன்னால் போய்க் குனிந்தார். "அம்மா, குழு ஒங்க கருத்த மதிக்குது. தெளிவாச் சொல்லுங்க. நீங்க கேக்கறது டிகிண்டரா, கியூட்டா, ஜிடிகேயா, கிவியா?"

"அது என்ன கருமமோ எங்களுக்குத் தெரியாதுங்க" என்றாள் வீரம்மா. "நாங்க பறிச்ச கொழுந்து எத்தன கிலோன்னு எங்க கண்ணால பாக்கணும். பாத்துட்டு வீட்டுக்குப் போவணும். இத்தன காலமும் ஒங்க வாயால கேட்டுக்கிட்டோம். இனிமே கேக்க மாட்டோம். அந்தப் புள்ளையும் இங்கதான் இருக்கணும். அது பழுதானா நீங்களா வந்து செய்வீங்க?"

ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். பயிற்சி எடுத்தவன் நான்தானே. நான் தராசைப் பார்த்தேன்.

கொழுந்து சூடேறிக்கொண்டிருந்தது. சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்த ஐயாவுக்கு, அந்த ஒரு விசயத்தில் மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கேயே உபகுழுவின் அவசரக் கூட்டம் கூடியது. விளக்கு ஏற்றவில்லை, கிரிபத் இல்லை. சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் ஒரு முடிவு வந்தது. ஐயா உரக்கச் சொன்னார்:

"தொழிலாளர் நலன் கருதி மேற்படி ஜன்னல், இறுதித் தெரிவு செய்யப்படும் வரை, தற்காலிகமாக அனுமதிக்கப்படுகிறது. அதைப் பராமரிக்கும் தனுஷிகாவின் பதவியும் அதுவரை தற்காலிகமாகவே தொடரும்."

ஆண்டியப்பன் வெற்றி என்று பட்டாசு கொளுத்தினார். மாயாண்டி அதைவிட நீளமான சரம் கொளுத்தினார். இரண்டு சங்கமும் ஜெயித்தது எங்கள் தோட்டத்தில் அன்றுதான். லெப்டொப் ஒபிஸிலிருந்து மடுவத்து மேசைக்குத் திரும்பியது. பெண்கள் தங்கள் தங்கள் எடையைப் பார்த்துச் சத்தமாக வாசித்துவிட்டுப் போனார்கள்.

தனுஷிகா மட்டும் மடுவத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. போனேன். ஆனால் அழுகிற பிள்ளையிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. "அழாத பிள்ள, உபகுழுவுக்கு எடுத்துச் சொல்றேன்" என்றேன். அவள் இன்னும் சத்தமாக அழுதாள்.

வீரம்மா மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "என்னடி இது, ஜெயிச்சுட்டு அழுவுற?"

"தற்காலிகம்னு சொல்லிட்டாங்கடி. ஜன்னல் தொறந்தா நெரந்தரமாக்குவாங்கன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டுத்தான் கொழும்ப விட்டு வந்தேன். இப்ப எந்த நேரமும் போன்னு சொல்லுவாங்க."

வீரம்மா சிரித்தாள். இடுப்பிலிருந்த பையன் பயந்துபோய் அவள் முகத்தைப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"அடி பைத்தியக்காரி! நம்ம இருக்கிற லயத்து வீட்டு வரிசையயும் தற்காலிகம்னு சொல்லித்தாண்டி கட்டினாங்களாம். வெள்ளக்காரன் போயிட்டான். கம்பெனி எத்தனையோ மாறிப்போச்சு. எங்க பாட்டன் அதுல பொறந்து அதுலயே செத்தாரு. நான் பொறந்தேன், இந்தா இவனும் அதுலதான் பொறந்தான். தற்காலிகம்னு வச்ச ஒண்ணையாவது இந்தத் தோட்டத்துல கழட்டிப் பாத்திருக்கியா? நெரந்தரம்னு சொல்லியிருந்தாத்தான் நீ பயப்படணும்!"

கம்பெனியின் சார்பில் இதற்கு ஒரு மறுப்புச் சொல்லவேண்டியது பெரிய கிளாக்கர் என்ற முறையில் என் கடமை. வாயைத் திறந்தேன். நிரந்தரத் தீர்வு என்று கல்வெட்டு வைத்துத் திறந்த தண்ணீர்த் தாங்கி போன மழைக்கே அடித்துக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

தனுஷிகா தாவணித் தலைப்பு இல்லாததால் வீரம்மாவின் படங்கிலேயே மூக்கைத் துடைத்தாள். பிறகு போனை எடுத்துக் கொழும்பில் அவள் தங்கியிருந்த போர்டிங்குக்குப் பேசினாள்.

"அக்கா, நான் விட்டுட்டு வந்த பெட்டிய ஹட்டன் பஸ்ஸுல போட்டு விடுறீங்களா? ஆமாக்கா, துணி, பாய், சட்டி எல்லாத்தயும் போடுங்க. இங்க எனக்குத் தற்காலிகமா வேல கெடைச்சிருச்சு."